மீட்புப் படி கையில் உண்டா?

ஓலைக்கு அகவை உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். செல்லும் ஈரமும் ஏட்டைத் தின்னும். தின்னுமுன்னே புதிய ஓலையில் பெயர்த்தெழுதிவிட வேண்டும். இது ஏடு வைத்திருந்த வீட்டார் கைக்கொண்ட நெறி. அந்நெறி வழுவாத வீடுகளில் இருந்தவை நூலாகப் பிழைத்தன. வழுவிய வீடுகளில் இருந்தவை உரையாசிரியர் மேற்கோளில் பெயரளவாய் எஞ்சின. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தபோது அவர்கட்கு ஏதேனும் கிடைத்ததென்றால், என்றோ ஒருநாள் எவரோ ஒருவர் ஒரு படி எடுத்து வைத்திருந்ததனால் அன்றோ?

இன்று நம் ஏடு கணினிக்குள் இருக்கிறது. இதழ் நடத்துவோர், அகரமுதலி தொகுப்போர், ஊர்ப்பெயர் ஆய்வோர், பாடநூல் எழுதுவோர், பாவலர் அனைவரும் தம் வாழ்நாள் உழைப்பை உள்ளங்கையளவு வன்வட்டு ஒன்றில் ஏற்றி வைத்திருக்கின்றனர். ஏற்றத் தெரிந்த நமக்குப் படியெடுக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. ஓலை முந்நூறு ஆண்டுவரையும் நின்றதுண்டு. வன்வட்டோ பத்தாண்டு உழைத்தால் அதுவே பெரிது. அகவை குறைந்த பொருளுக்கு அன்றோ விழிப்பு மிகுதியாக வேண்டும்?

நாள்தோறும் நம்மிடையே நடப்பது இது. ஒருநாள் காலையில் கணினி எழ மறுக்கிறது. நீலத்திரை தோன்றுகிறது, அல்லது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உரியவர் அதனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "பார்மட்டு அடித்து ஓ.எசு. போட வேண்டும்" என்கிறார். பொருள் விளங்காமலே இவர் தலையசைக்கிறார். மாலையில் கணினி புத்தம் புதியதாய்த் திரும்பி வருகிறது. உள்ளே இருந்த எழுத்துகள் திரும்பி வரவில்லை. கடைக்காரரைப் பழித்துப் பயன் என்ன? அவர் சொன்னதைத்தான் செய்தார். "பார்மட்டு" என்றால் வட்டில் உள்ளதை அழித்து வெறுமையாக்குதல் என்பதையும், "ஓ.எசு. போடுதல்" என்றால் இயங்குதளத்தை மீள நிறுவுதல் என்பதையும் கேட்டுத் தெளியாதவர் நாமே.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளையும் நாம் பயன்கொள்ளும் செயலிகளையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளே அது. விண்டோசு, இலினக்சு, மேக்கு என்பன அதன் வகைகள். அதன் கோப்புகள் சிதைந்தாலோ, தீய நிரல் புகுந்தாலோ, பிழையுடைய இற்றைப்படுத்தம் வந்து சேர்ந்தாலோ, கணினி எழும்பாது. அப்போது இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவ வேண்டும். அதற்குக் கணினிக்கு வெளியே, அதன் துணையின்றித் தானே தொடங்கி இயங்கவல்ல ஒரு கருவி வேண்டும். அதுவே மீட்புப் படி. முன்பு குறுவட்டிலும் பேரளவு வட்டிலும் வைத்திருந்தனர். இப்போது மக்கள் பென்டிரைவு என்று வழங்கும் விரலியில் வைக்கின்றனர்.

இவ்விடத்தே ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மீட்புப் படி வேறு. காப்புப் படி வேறு. மீட்புப் படி கணினியை எழுப்பும். நம் எழுத்தைத் திருப்பித் தராது. காப்புப் படி நம் எழுத்தைக் காக்கும், கணினியை எழுப்பாது. ஒன்று வீட்டைத் திரும்பக் கட்டும் கொத்தனார். மற்றொன்று வீட்டுப் பொருளை வேறிடத்தில் காத்து வைத்த உறவினர். இரண்டும் வேண்டும். "என்னிடம் மீட்பு விரலி இருக்கிறது" என்று மகிழ்ந்திருந்து நூலை இழப்பாரும் உளர். "என்னிடம் கோப்பெல்லாம் இருக்கின்றன" என்று மகிழ்ந்திருந்து, அச்சுக்குக் கொடுக்கும் நாளில் கணினி எழாமல் கைபிசைந்து நிற்பாரும் உளர்.

இது தனியாள் துன்பம் மட்டுமன்று. 2024 சூலை 19-ஆம் நாள் கிரவுடுசுடிரைக்கு என்னும் அமெரிக்கக் காப்பு மென்பொருள் நிறுவனம் பிழையுடைய இற்றைப்படுத்தம் ஒன்றை உலகெங்கும் அனுப்பியது. 78 நிமிடங்களில் அதனைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 85 இலக்கம் விண்டோசுக் கணினிகள் வீழ்ந்தன என மைக்ரோசாப்டு கணக்கிட்டது. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகளும் வைப்பகங்களும் தடுமாறின, இந்திய வானூர்தி நிலையங்களில் ஏறுசீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். வீழ்ந்த கணினிகளிற் பல எழும்பாமையால் தொலைவிலிருந்து அவற்றைச் சீர்செய்ய இயலவில்லை. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் சென்று நின்று, காப்பு நிலையிலோ மீட்பு விரலியைக் கொண்டோ அதனை எழுப்பி, பழுதான கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. அதற்கெனவே மைக்ரோசாப்டும் விரலியில் இயங்கும் மீட்புக் கருவியொன்றை வெளியிட்டது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்த கணினிகளுக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோலும் வேண்டியிருந்தது. திறவுகோலை எழுதி வைத்திருந்தவர் விரைந்து மீண்டனர். வைத்திராதவர் வாயிலில் நின்றனர்.

இப்போது மீள்நிறுவல் பேச்சு எழுவதற்கு உடனடித் தூண்டலும் ஒன்று உண்டு. 2015-இல் வெளிவந்த விண்டோசு 10-க்கு அளித்துவந்த துணையை மைக்ரோசாப்டு 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. தனியாளர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்தோபர் 13 வரை காப்பு இற்றைகள் கிடைக்கும் என்றும் அறிவித்தது. 2021-இல் வந்த விண்டோசு 11-க்கு ஏறிக்கொள்ளலாமே எனின், அது 4 கிகாபைட்டு நினைவகமும் 64 கிகாபைட்டு வட்டிடமும் போதும் என்பதோடு நில்லாமல், டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லையும் அண்மைக்காலச் செயலகத்தையும் கேட்கிறது. நம் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் சிற்றச்சகங்களிலும் உள்ள கணினிகளுட் பல அத்தகுதி உடையன அல்ல. கணினி நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் காவலன் விடைபெற்றுக்கொண்டான்.

காவலின்றி இருந்தால் என்ன ஆகும்? 2017 மே திங்களில் வானாகிரை என்னும் பிணைநிரல் நூற்றைம்பது நாடுகளிற் பரவி, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பிரித்தானிய நாட்டு மருத்துவமனைகள் பண்டுவங்களையே தள்ளிவைக்க நேர்ந்தது. அந்நிரல் நுழைந்த துளையை அடைக்கும் திருத்தம் இரண்டு திங்கள் முன்னரே, மார்ச்சில், வெளிவந்துவிட்டது. திருத்தம் ஏற்காத கணினிகளும், திருத்தம் பெறும் தகுதியை இழந்த பழைய கணினிகளுமே வீழ்ந்தன. துணை முடிந்த இயங்குதளத்தை இணையத்தில் திறந்து வைப்பது, வாயிலைத் திறந்து வைத்து உறங்குவதாகும்.

ஆகவே செய்ய வேண்டியதைக் கணினி நலமாக இருக்கும் இன்றே செய்தல் வேண்டும். கண்கெட்ட பின்பு கதிரவன் வழிபாடு எதற்கு?

விண்டோசுக்குரிய விரலிகள் இருவகை. முதலாவது நிறுவல் விரலி. மைக்ரோசாப்டின் வலைத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஊடக உருவாக்கக் கருவியை இறக்கி, குறைந்தது 8 கிகாபைட்டு கொண்ட விரலியைச் செருகி இயக்கினால் அதுவே செய்து முடிக்கும். இவ்விரலி தகுதியுடைய எந்தக் கணினிக்கும் உதவும். ஆதலால் ஒரு கணினி வீழ்ந்த பின்னும் நண்பர் கணினியில் இதனை உருவாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது மீட்பு விரலி. விண்டோசிலேயே உள்ள மீட்பு விரலி உருவாக்கும் கருவி, அந்தக் கணினியின் அமைப்புக் கோப்புகளையே படியெடுத்துத் தரும். இதற்கு 16 கிகாபைட்டாவது வேண்டும். 32 இருப்பின் நன்று. எவ்வகையாயினும், செருகும் விரலியில் முன்பிருந்தவை முற்றும் அழியும் என்பதை மறவற்க.

இறக்கிய வட்டுருக் கோப்பை விரலிக்குள் அப்படியே படியெடுத்து ஒட்டிவிட்டு, "ஆயிற்று" என்று இருப்பார் பலர். அஃது ஆகாது. கணினி தொடங்கும்போதே படிக்கத்தக்க அமைப்பில் அது எழுதப்படல் வேண்டும்; அதற்கென்று உள்ள கருவி கொண்டே எழுதுதல் வேண்டும். இலினக்சு வட்டுருவை இறக்குவோர், உடன் வெளியிடப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்த்தலும் வேண்டும். ஓர் எழுத்து மாறினும் அக்கோப்பு பழுதானது, அன்றேல் பிறரால் மாற்றப்பட்டது.

உருவாக்கிய விரலியை ஒருமுறை ஆய்ந்து பார்க்க வேண்டும். கணினியை அணைத்து, விரலியைச் செருகி, மீண்டும் தொடங்கும்போது எஃப்2, எஃப்12 போன்ற விசையை அழுத்தித் தொடக்கப் பட்டியலைத் திறந்து, விரலியைத் தேர்க. எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். அறிந்ததை விரலியின் மீதே எழுதி ஒட்டி வைக்க. நிறுவல் பக்கம் தோன்றினால் விரலி நன்று, அவ்வளவோடு வெளியேறிவிடுக. ஆண்டுக்கு ஒருமுறை விரலியைப் புதுப்பிக்க. நெடுநாள் மின்னூட்டமின்றிக் கிடந்த விரலி தன்னில் எழுதியதை மறந்துவிடுவதும் உண்டு.

"என் கணினிக்குள்ளேயே மீட்புப் பகுதி ஒன்றைச் செய்தவர்கள் வைத்திருக்கிறார்களே!" என்பார் சிலர். உண்மைதான். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி வைத்திருக்கிறோம். அக்கரண்டியும் அதே கிணற்றுக்குள் கிடந்தால் எதனைக் கொண்டு எடுப்பது? வன்வட்டே மாண்டால் அதனுள் இருக்கும் மீட்புப் பகுதியும் உடன் மாளும்.

அடுத்து, திறவுகோல்கள். விண்டோசு 11 கணினிகள் பலவற்றில், உரியவர் அறியாமலே வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. கணினித் திருடனிடமிருந்து எழுத்தைக் காப்பதற்கு அது நல்லதே. ஆனால் பழுது நேரும் நாளில் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். அதனை இன்றே தேடி எடுத்துத் தாளில் எழுதி, கணினிக்கு அருகில் வைக்காமல் வேறிடத்தில் வைக்க. விண்டோசு, அலுவல் மென்பொருள் ஆகியவற்றின் 25 எழுத்து உரிமக் குறியீடு இருப்பின் அதனையும் அவ்வாறே எழுதி வைக்க.

இனித் தமிழர்க்கே உரிய இடரொன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதுவார்க்கு இவ்விடர் இல்லை. ஒருங்குறி நம்மிடையே பரவுமுன், நம்மவர் பாமினி, தாம், தாபு முதலிய பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்தனர். அவற்றுட் பலவற்றில் கணினி அறிந்திருப்பது தமிழை அன்று. உரோமன் எழுத்துகளையும் குறிகளையுமே. எழுத்துரு என்னும் மேலாடைதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அவ்வெழுத்துருக் கோப்புகள் விண்டோசின் உள்ளறையில் இருப்பவை. மீள்நிறுவலில் அவ்வறை துடைக்கப்படும். கோப்புகளைக் காத்து வைத்திருந்தாலும், எழுத்துருவைக் காத்து வையாதவர் திறந்து பார்க்கும்போது பொருளற்ற எழுத்துக் குப்பையே தோன்றும். "நூல் கெட்டுவிட்டது" என்று அதனை அழித்தாரும் இருப்பர். நூல் கெடவில்லை, மேலாடைதான் இல்லை. ஆகையால் மீள்நிறுவலுக்கு முன் எழுத்துரு அடைவு முழுவதையும் படியெடுக்க. பின்பு பொறுமையாக, குறியாக்க மாற்றி கொண்டு, பழைய ஆக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றுக. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஒருங்குறியில் இருக்கும் தமிழ் எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும். இன்று ஏட்டைப் புதிய ஓலைக்குப் பெயர்த்தெழுதுவது இதுவே.

அச்சகத்தார்க்கும் ஒரு சொல். 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன பேசுமேக்கரில் இன்றும் பக்கம் கட்டுவோர் உளர். அதன் நிறுவல் வட்டு மேசையறையில் தூசு படிந்து கிடக்கிறது. புதிய கணினிகளில் வட்டு படிக்கும் கருவியே இருப்பதில்லை. அவ்வட்டு கீறல் விழுந்து போகுமுன் அதன் உருவை எடுத்து வைக்க. பழைய பக்கங்களை எல்லாம் பி.டி.எப். ஆகவும் மாற்றி வைக்க. செயலி மறைந்தாலும் பக்கம் நிற்கும்.

மீள்நிறுவும் நாள் வந்தால் முறை இது. முதலில் காப்புப் படி. ஆவண அடைவை மட்டும் எடுத்து, முகப்புத் திரையில் இறைந்து கிடப்பவற்றை மறப்பதே பெரும்பாலோர்க்கு நேர்வது. அவையும் விண்டோசு இருக்கும் அதே வட்டுப் பிரிவில்தான் உள்ளன. மின்மடல், உலாவியில் சேர்த்த முகவரிகள், எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள் ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்து எடுக்க. எடுத்த படியை வேறொரு கணினியில் திறந்து பார்க்க. மூன்று படி, இருவகைக் கருவியில், ஒன்றேனும் வேறு வீட்டில் என்பது உலகோர் ஒப்பிய நெறி. கணினி எழும்பவே இல்லையெனினும் மனந்தளரற்க. இலினக்சு விரலி கொண்டு தொடங்கினால், வட்டு நலமாகவும் மறையாக்கம் இன்றியும் இருக்குமாயின் கோப்புகளைப் பெரும்பாலும் வெளியே எடுத்துவிடலாம். அதன் பின்னரே கடைக்காரர் சொல்லும் "பார்மட்டு".

கணினி எழும் நிலையில் இருந்தால் விண்டோசின் அமைப்புப் பகுதியில் உள்ள மீளமைப்பையே முதலில் ஆளலாம். "என் கோப்புகளை வைத்திரு" என்றும், "அனைத்தையும் நீக்கு" என்றும் இரு வழி காட்டும். எவ்வழியாயினும் நாம் நிறுவிய செயலிகள் போய்விடும். முதல்வழியைத் தேர்ந்தாலும் காப்புப் படி எடுக்காமல் தொடங்கற்க. நிறுவி முடித்தபின் இற்றைகளை ஏற்றுக. தமிழ் மொழித்தொகுப்பையும் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்க.

திருட்டுப் படி பற்றியும் சொல்லியாக வேண்டும். "இலவயமாகப் போட்டுத் தருகிறேன்" என்று பூட்டுடைத்த விண்டோசைப் போட்டுத் தரும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. பிறர் உழைப்பைத் திருடுவது அறமன்று என்பது ஒருபுறம். பூட்டுடைக்கும் நிரலோடு தீய நிரலும் உள்ளே வருவது மறுபுறம். விண்டோசு 8 காலந்தொட்டு, விண்டோசோடு விற்கப்பட்ட கணினிகளில் உரிமம் பெரும்பாலும் அடிப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. மீள நிறுவினால் தானே உரிமையை உணர்ந்துகொள்ளும். உரிய பொருள் கையில் இருக்கத் திருட்டுப் பொருளை ஏன் நாட வேண்டும்?

பொருளும் இல்லை, கணினியும் பழையது எனின், இலினக்சு இருக்கிறது. 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்சு தொடங்கிவைத்து, உலகத்தார் கூடி வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. யாரும் படியெடுக்கலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம். இலினக்சு மின்ட்டு என்னும் வகை 2 கிகாபைட்டு நினைவகம் உள்ள கணினியிலும் இயங்கும். விரலியிலிருந்தே இயக்கிப் பார்த்து, பிடித்தால் நிறுவலாம். அண்டையிலுள்ள கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பல்லாண்டாகக் கணினி கற்பித்து வருகின்றன. கே.டி.இ., குனோம் முதலிய பணிச்சூழல்களைத் தமிழ் இளைஞர் ஊதியம் கருதாது தமிழாக்கி வைத்துள்ளனர். பேசுமேக்கர் போன்ற செயலிகள் அதில் நேரே இயங்கா என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எழுதவும் படிக்கவும் கற்பிக்கவும் அது போதும்.

இயங்குதளம் என்பதா, இயக்குதளம் என்பதா என்று நாம் மடல் எழுதி வழக்காடுகிறோம். சொல்லாக்கம் வேண்டுவதே, அது நம் கடமை. ஆனால் சொல்லை ஆக்கியவன் பொருளையும் ஆளத் தெரிந்தவனாய் இருத்தல் வேண்டும். தன் கணினியை எழுப்பத் தெரியாமல், தன் எழுத்தைக் காக்கத் தெரியாமல், அதற்குத் தமிழ்ப்பெயர் மட்டும் சூட்டிவிட்டால் மொழி வளர்ந்துவிடாது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் எரிந்து போயின. அங்கே பகைவன் தீ வைத்தான். நம் வீட்டுக் கணினியில் உள்ள நூலை அழிக்கப் பகைவன் வர வேண்டுவதில்லை. நம் மடிமையே போதும்.

எனவே ஒவ்வொரு தமிழ் மன்றமும் இவ்வாண்டில் மூன்று செயல் செய்க. ஆய்ந்து பார்த்த நிறுவல் விரலி ஒன்றும் இலினக்சு விரலி ஒன்றும் மன்றத்தில் வைத்து, வேண்டுவார்க்கு உதவுக. கணினி அறிந்த இளைஞர் இருவரை அமர்த்தி, மூத்த புலவர் வீடுகளுக்குச் சென்று அவர்தம் ஆக்கங்களையும் எழுத்துருக்களையும் படியெடுத்துக் கொடுக்கச் செய்க. படியை உரியவரிடமே ஒப்படைக்க. பழைய குறியாக்கத்தில் கிடப்பவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் பணியைத் திங்கள்தோறும் சிறிது சிறிதாக நடத்துக. விரலி ஒன்றின் விலை சில நூறு உருவா. அதற்குள் அடங்கும் உழைப்போ ஒரு புலவரின் முப்பது ஆண்டு. வரும் ஞாயிறே தொடங்குக.